வரையப்பட்ட மலை, வரையப்படாத மலை

நியூயார்க் நகரத்துக்கு மின்சாரம் தரும் கன்சாலிடேட்டட் எடிசன் நிறுவனத்தை ஊர்க்காரர்கள் சுருக்கமாகக் கான் எட் என்பார்கள். 1962இல் அந்த நிறுவனம் ஒரு திட்டத்தை அறிவித்தது. நகரத்துக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், ஸ்டார்ம் கிங் என்ற மலையின் காலடியில் 20 லட்சம் கிலோவாட் திறனுள்ள மின்நிலையம். உலகத்தில் அந்த வகையில் அதுவே மிகப் பெரியதாக இருக்கும் என்றார்கள். பங்குதாரர்களுக்கான அறிக்கையில் ஓர் ஓவியரைக் கொண்டு வரைந்த படத்தையும் சேர்த்தார்கள். பெருமையாக நினைத்துத்தான் சேர்த்திருப்பார்கள். ஆற்றைத் தொடும் இடத்தில் மலை வெட்டப்பட்டு, வெட்டுவாயில் நீளமாக ஒரு கட்டடம் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தவர்களில் பலருக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினேழு வருடம் நடந்த வழக்குக்கு முதல் சாட்சியம் அந்தப் படம்தான் என்று சொல்லலாம். எதிர்த்தரப்புக்கு அதைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் நிறுவனத்தாரே.

மின்நிலையம் வரவில்லை. இன்று அங்கே இருப்பது ஸ்டார்ம் கிங் மாநிலப் பூங்கா, சுமார் 1,900 ஏக்கர். பூங்கா என்றதும் புல்தரையும் ஊஞ்சலும் நுழைவுச்சீட்டும் நினைவுக்கு வரலாம். இங்கே வண்டி நிறுத்தக் கொஞ்சம் இடம் உண்டு; மரங்களில் பூசிய அடையாளங்களைப் பார்த்து நடக்க ஒற்றையடிப் பாதைகள் உண்டு. அவ்வளவுதான். கழிப்பறைகூடக் கிடையாது. அரசாங்கப் பதிவிலேயே இது வசதிகள் ஏதும் செய்யப்படாத பூங்கா. எதிர்க்கரையில் பிரேக்நெக் முகடு, புல் ஹில், ஆன்டனீஸ் நோஸ் என்று விட்டுவிட்டுத் தொடரும் ஹட்சன் ஹைலண்ட்ஸ் பூங்காவும் பெரும்பாலும் அப்படித்தான் விடப்பட்டிருக்கிறது.

ஸ்டார்ம் கிங்கின் உயரம் 1,340 அடி. கல்வராயன் மலைக்காரர் இதைக் கரடு என்றுதான் சொல்வார். ஆனால் இந்த 1,340 அடியும் கடல்மட்டத்திலிருந்தே எழுகிறது. தண்ணீர் முடிகிற இடத்தில் பாறை நிமிர்ந்துவிடுகிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான பாறை அது. கடைசிப் பனியூழியில் வந்த பனிப்பாளங்கள் இந்த மலைத்தொடரை அறுத்துக்கொண்டு ஆற்றின் பள்ளத்தைக் கடல்மட்டத்துக்குக் கீழே வெகு ஆழத்துக்குத் தோண்டிவிட்டுப் போயின. எவ்வளவு ஆழம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரப் பொறியாளர்கள் கண்டுகொண்டார்கள். கேட்ஸ்கில் மலைகளிலிருந்து குடிநீர் கொண்டுவரும் குழாயை ஸ்டார்ம் கிங்குக்கும் பிரேக்நெக்குக்கும் இடையே ஆற்றின் அடியில் கடத்த வேண்டியிருந்தது. நடு ஆற்றில் துளைபோட்டுத் துளைபோட்டுப் பார்த்தும் கெட்டிப்பாறை தட்டுப்படவில்லை. மண்ணும் சரளையும்தான் வந்துகொண்டிருந்தன. கடைசியில் சுரங்கத்தைக் கடல்மட்டத்துக்கு 1,100 அடி கீழே இறக்கிக் குடைந்தார்கள். ஆக மலை மேலே ஏறியிருக்கும் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமான ஆழத்தில், அதன் அடியில், ஒரு மாநகரத்தின் குடிநீர் ஓடுகிறது. பாதையில் நடந்துபோகிறவர் கண்ணுக்கு இது எதுவும் தெரியாது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. ஒன்றும் கட்டப்படாத மலை என்றால் ஒன்றும் நடக்காத மலை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஹட்சன் மலைத்தொடரில் நடக்காதது என்று எதையும் சொல்ல முடியாது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஆற்றில் ஏறி வராமல் தடுக்க, 1778இல் வெஸ்ட் பாயின்ட்டிலிருந்து எதிரே இருந்த தீவு வரைக்கும் பெரிய இரும்புச் சங்கிலியை மிதவைக் கட்டைகள்மேல் போட்டு ஆற்றை மறித்தார்கள். சங்கிலிக்கு இரும்பு இந்த மலைப்பகுதியிலேயே உருக்கப்பட்டது. இரும்பை உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். சங்கிலிக்கு முன்னும் பின்னும் பல தலைமுறைகளாக உலைகளுக்கும் ஊர்களுக்கும் நீராவிப் படகுகளுக்கும் இந்தச் சரிவுகள் மொட்டையடிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. மேட்டுப்பாங்கான இடங்களில் கல்லைப் பொறுக்கி வரப்புச்சுவர் எழுப்பி விவசாயமும் செய்து பார்த்தார்கள். மண் ஒத்துவராமல் விட்டுவிட்டுப் போனார்கள். இன்று பச்சையாகத் தெரிவதில் பெரும்பகுதி அதன்பிறகு தானாக எழும்பிய காடு. எதிர்க்கரையில் கோல்ட் ஸ்பிரிங் என்ற சிற்றூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த வார்ப்பாலை, உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களுக்குப் பீரங்கிகளை வார்த்துக் கொடுத்தது. வார்த்த பீரங்கியைச் சோதிக்க வேண்டாமா? ஆற்றுக்குக் குறுக்கே எதிர்க்கரைப் பாறைகளில் சுட்டுப் பார்த்தார்கள். ரயில்பாதைகள் முதலில் கிழக்குக் கரையையும் பிறகு மேற்குக் கரையையும் ஆற்றோரமாகவே பிடித்துக்கொண்டன. 1931இல் ஒரு கல்குவாரி நிறுவனம் புல் ஹில்லை வாங்கி உடைக்கத் தொடங்கியது. அந்தக் காயம் இன்றும் வடு மாறாமல் தெரிகிறது.

தெற்கே பேர் மவுன்டனில் சிங் சிங் சிறைச்சாலையைக் கொண்டுவந்து வைக்கவே ஏற்பாடு நடந்தது. 1910இல் ரயில்வே முதலாளி ஹாரிமனின் விதவை மேரி ஹாரிமன் பத்தாயிரம் ஏக்கர் நிலமும் பத்து லட்சம் டாலரும் தருவதாகச் சொன்னதில் சிறைத் திட்டம் கைவிடப்பட்டுப் பூங்கா வந்தது. மலைகளை வெட்டி ரயில் விட்ட பணம் மலையைக் காப்பாற்றிய கதை. இதில் கிண்டலடிக்க நிறைய இருக்கிறது என்றாலும் காடு யாருடைய பணத்தில் நிற்கிறது என்று பறவைகள் விசாரிப்பதில்லை.

ஸ்டார்ம் கிங் பூங்காவின் கதையும் ஒரு பணக்காரரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1922இல் மலையின் நெற்றியைக் குடைந்து ஒரு நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அந்தச் சாலையின் அக்கம்பக்கம் கடைகளும் விளம்பரப் பலகைகளும் முளைத்துவிடக் கூடாதென்று டாக்டர் எர்னஸ்ட் ஸ்டில்மன் தன் நிலத்திலிருந்து 800 ஏக்கரைப் பாலிசேட்ஸ் பூங்கா ஆணையத்துக்கு எழுதிக்கொடுத்தார். பக்கத்தில் பிளாக் ராக் என்ற தன் காட்டையும் ஆராய்ச்சிக் காடாக நடத்தி, 1949இல் சாகும்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்றார். பதிமூன்று ஆண்டு கழித்துக் கான் எட் தன் மின்நிலையத் திட்டத்தின் நீர்த்தேக்கத்துக்குக் குறித்த நிலத்தில் ஒரு பகுதி இந்தக் காட்டுக்குள் விழுந்தது. தானமாகக் கொடுத்த நிலத்துக்குப் பாதுகாப்பு கொடுத்தவரின் ஆயுள் மட்டும்தான் என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும்.

திட்டம் என்ன என்பதைச் சொல்லிவிடலாம். கரண்ட் வாங்க ஆளில்லாத நள்ளிரவில் மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிவைத்து, எல்லோரும் விசிறியைச் சுழற்றும் பகலில் அந்தத் தண்ணீரையே கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. தொட்டி இங்கே மலைமேல் ஒரு ஏரி. இறங்கி ஏற இரண்டு மைல் நீளத்தில் 40 அடி விட்டமுள்ள சுரங்கக் குழாய். கீழே ஆற்றங்கரையில் எண்ணூறு அடி நீளத்துக்கு மின்நிலையம். அங்கிருந்து நகரத்தை நோக்கி உயர்கோபுரங்களில் மின்கம்பிகள். மேலே ஏற்ற மூன்று பங்கு மின்சாரம் செலவழித்தால் கீழே இறங்கும்போது இரண்டு பங்குதான் திரும்பக் கிடைக்கும். நஷ்டம்போலத் தோன்றும், ஆனால் நள்ளிரவு மூன்று பங்கைவிடப் பிற்பகல் இரண்டு பங்குக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். ஆனைமலையில் 1980களின் இறுதியில் ஓடத் தொடங்கிய காடம்பாறை நீரேற்று மின்நிலையம் இதே ஏற்பாடுதான். அதன் திறன் 400 மெகாவாட். ஸ்டார்ம் கிங்கில் நினைத்தது அதைப்போல ஐந்து மடங்கு. காடம்பாறை மின்நிலையம் மலையின் வயிற்றுக்குள் இருக்கிறது. கான் எட் முதலில் வரைந்தது வெளியே, ஆற்றைப் பார்த்த முகத்தில்.

நியாயம் ஒரு பக்கம் மட்டும் இருந்ததாக இந்தக் கதையைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அப்படி இல்லை. மலையடிவாரக் கார்ன்வால் ஊர்மக்களில் பெரும்பான்மையோர் திட்டத்தை வரவேற்றார்கள். வரி வருமானம் வரும், வேலை வரும், ஆற்றங்கரையில் புதிதாக ஒரு பூங்காவும் அமைத்துத்தருவதாக நிறுவனம் சொல்லியிருந்தது. எதிர்த்தவர்களில் நடைப்பயணச் சங்கத்தார் இருந்தார்கள். கூடவே ஆற்றுக்கு அக்கரையில் மாளிகையும் தோட்டமும் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். மின்கம்பிக் கோபுரங்கள் அவர்கள் நிலத்தின் வழியாகத்தான் போக இருந்தன. பொழுதுபோகாத சீமான்களுக்கு எங்கள் ஊரின் பிழைப்பைவிட ஜன்னல் காட்சி பெரிது என்று கார்ன்வால்காரர் சொன்னால் அதில் பொய்யில்லை. கான் எட் இன்னொன்றும் சொன்னது: நீரேற்று நிலையம் வந்தால் நகரத்துக்குள் கரும்புகை கக்கும் பழைய அனல்மின் நிலையங்களின் வேலை குறையும். 1960களின் நியூயார்க் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு இது வெறும் பேச்சல்ல. ஒரு மலையின் அழகுக்கும் ஒரு நகரத்தின் நுரையீரலுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் உடனே மலை என்று சொல்லிவிட மாட்டேன்.

1963 நவம்பரில், ஹட்சனைப் பற்றிப் புத்தகம் எழுதிய கார்ல் கார்மரின் வீட்டில் சிலர் கூடி சீனிக் ஹட்சன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கூட்டாட்சி மின்னாற்றல் ஆணையம் 1965 மார்ச்சில் கான் எட்டுக்கு உரிமம் கொடுத்ததும் இவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கறிஞர் லாயிட் கேரிசன், அடிமைமுறை ஒழிப்புப் போராளி வில்லியம் லாயிட் கேரிசனின் கொள்ளுப்பேரன். நீதிமன்றத்தில் முதல் கேள்வி மலையைப் பற்றியதே அல்ல. உங்களுக்கு இதில் என்ன நஷ்டம் என்பதுதான். நிலம் போனவன் வழக்குப் போடலாம், வியாபாரம் போனவன் போடலாம். காட்சி போனவன் போடலாமா?

தீர்ப்புக்கு ஏழு வாரம் முன்னால், அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி மாலை, வடகிழக்கு அமெரிக்காவின் பெரும்பகுதியில் மின்சாரம் நின்றுபோனது. நியூயார்க் நகரம் இரவு முழுக்க இருட்டில் கிடந்தது. நீரேற்று நிலையம் இருந்திருந்தால் சட்டென்று மீண்டிருக்கலாம் என்று கான் எட் வாதாட இதைவிட நல்ல தருணம் வாய்த்திருக்காது. அப்படியும் டிசம்பர் 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமத்தைத் திருப்பி அனுப்பியது. நீதிபதி பால் ஹேஸ் எழுதிய அந்தத் தீர்ப்பைச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் முதலில் வாசிக்கிறார்கள். இயற்கையழகிலும் பாதுகாப்பிலும் பொழுதுபோக்கிலும் அக்கறை காட்டி வந்தவர்களும் பாதிக்கப்பட்ட தரப்பினரே, அவர்களுக்கு நீதிமன்றம் ஏற உரிமை உண்டு என்றார். ஆணையத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. இரண்டு தரப்பும் கொண்டுவந்து கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நடுவராக உட்கார்ந்திருப்பது உங்கள் வேலையல்ல. மாற்று வழிகள் உண்டா என்று நீங்களே தேடியிருக்க வேண்டும் என்று சொன்னார். நான்காண்டு கழித்து, கூட்டாட்சி அரசு தொடர்பான பெரிய திட்டம் எதற்கும் முன்கூட்டியே சூழல் பாதிப்பை ஆராய வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் செய்தபோது இந்தத் தீர்ப்பின் வாடை அதில் இருந்தது.

வழக்கமாகக் கதை இங்கே முடிக்கப்படுகிறது. அழகு வென்றது, மலை பிழைத்தது. நான் எழுத உட்கார்ந்ததே அது அங்கே முடியவில்லை என்பதற்காகத்தான்.

ஆணையம் மறுபடி விசாரணை நடத்தியது. அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சாட்சியம் பதிவானது. யேல் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை வரலாற்றறிஞர் வின்சென்ட் ஸ்கல்லி கூண்டேறி அந்த மலையின் உருவத்தைப் பற்றிப் பேசினார். 19ஆம் நூற்றாண்டின் ஹட்சன் ஆற்று ஓவியர்கள் இந்தப் பள்ளத்தாக்கை எப்படியெல்லாம் தீட்டினார்கள் என்பதெல்லாம் வாதமாயிற்று. அந்த ஓவியங்களில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1866இல் சாமுவேல் கோல்மன் வரைந்த ஸ்டார்ம் கிங். இருண்ட மலை பின்னால் நிற்க, முன்னால் ஆறு நிறையப் படகுகள், புகைபோக்கிகளிலிருந்து கரும்புகை மேகத்தோடு மேகமாகக் கலக்கிறது. பாய்மரமும் நீராவியும் ஒரே தண்ணீரில். கோல்மனுக்குத் தொழில் உறுத்தவில்லை. மலைக்கு அருகே மனிதன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதையும் சேர்த்துத்தான் அவர் அழகு என்று பார்த்தார். தூய இயற்கைக்குச் சாட்சியாக இந்த ஓவியத்தை நீட்டினால் அது நீட்டியவருக்கே எதிராகத் திரும்பிவிடும். இந்த மலைக்கு அந்தப் பெயரும் அதே காலத்துக் கற்பனையிலிருந்துதான் வந்தது: பழைய டச்சுக்காரர்கள் வெண்ணெய் உருண்டை என்று அழைத்த குன்றுக்குப் புயல்களின் அரசன் என்று முடிசூட்டியவர் கீழே பங்களா கட்டிக்கொண்டு குடியேறிய எழுத்தாளர் என்.பி. வில்லிஸ்.

கான் எட் மின்நிலையத்தைப் பூமிக்கடியில் இறக்கத் தயாரானது. கம்பிகளையும் ஆற்றைக் கடக்கும் இடத்தில் புதைக்க ஒப்புக்கொண்டது. வெளியே எதுவும் தெரியாதென்றால் அழகுக்கு என்ன பங்கம்? 1970 ஆகஸ்டில் ஆணையம் மறுபடி உரிமம் கொடுத்தது. 1971இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஆக, அழகு என்ற வாதம் கதவைத் திறந்தது, உள்ளே போய் உட்கார்ந்தது, முழுசாகப் பேசியது, தோற்றது. 1974இல் வேலையும் தொடங்கிவிட்டார்கள்.

நிறுத்தியது மீன்.

ஹட்சன் பார்க்க ஆறாக இருந்தாலும் கடலின் கை. கடலோதம் நியூயார்க் துறைமுகத்திலிருந்து ட்ராய் நகரத்து அணை வரை சுமார் 150 மைல் உள்ளே ஏறி இறங்குகிறது. ஸ்டார்ம் கிங் காலடியில் நின்றால் ஒருநாளில் இரண்டு முறை ஆறு வடக்கே போவதைப் பார்க்கலாம். உப்பு குறைந்து நன்னீர் தொடங்கும் எல்லை இந்த மலைகளையொட்டி நகர்ந்துகொண்டிருக்கும். அங்கேதான் கடலிலிருந்து ஸ்ட்ரைப்டு பாஸ் மீன்கள் முட்டையிட ஏறி வருகின்றன. செவுளிலிருந்து வால்வரை நீளக் கோடுகள் போட்ட, பெரிதாக வளர்கிற மீன். அட்லாண்டிக் கரையோர மீனவருக்கும் தூண்டில்காரருக்கும் உயிர். அதன் முட்டை அடியில் ஒட்டிக் கிடப்பதில்லை. நீரோட்டத்தில் மிதந்தபடியே பொரிக்கிறது. குஞ்சும் சில வாரங்கள் நீரோடு நீராக அலைகிறது. கண்ணாடிபோல் தெரியும் அந்தக் குஞ்சை எந்த வலையும் தடுத்து நிறுத்த முடியாது. மலைமேல் ஏரியை நிரப்ப இரவெல்லாம் உறிஞ்சும் குழாய், முட்டையையும் குஞ்சையும் சேர்த்தே உறிஞ்சும்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் பாப் பாயில், விளையாட்டுப் பத்திரிகை ஒன்றின் எழுத்தாளர், தூண்டில் பைத்தியம். 1966இல் அவரும் மீனவர்களும் சேர்ந்து ஹட்சன் ஆற்று மீனவர் சங்கம் அமைத்தார்கள். வலை போடுகிற, ஆலைகளில் வேலை பார்க்கிற, விடுமுறையில் தூண்டில் போடுகிற சாதாரண ஆட்கள். மலை அழகாக இருக்கிறதா என்பது அவர்கள் கவலை அல்ல. நிறுவனத்தின் செலவில் நடந்த மீனாய்வு ஒன்று, குழாயில் போகும் முட்டைகள் மொத்தத்தில் மிகச் சிறு பங்குதான் என்று கணக்குக் காட்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் அந்தக் கணக்கைக் குடைந்தபோது அடிப்படையிலேயே ஓட்டை தெரிந்தது. ஹட்சன் ஒரே திசையில் ஓடுகிற ஆறு என்று வைத்துக்கொண்டு, ஒரு முட்டை குழாய் வாயை ஒரே ஒரு தடவைதான் கடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஓதம் ஏறி இறங்கும் ஆற்றில் அது போகும், வரும், மறுபடி போகும், மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் குழாய் அங்கேயே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். திருத்திப் பார்த்தால் இழப்பு பல மடங்கு. பட்டம் பெற்ற நிபுணர்கள் தயாரித்து, ஆணையம் ஏற்று, நீதிமன்றம் வழிமொழிந்த ஓர் அறிக்கையில், கரையில் ஒரு மத்தியான நேரம் உட்கார்ந்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் விட்டுப்போயிருந்தது. 1974இல் நீதிமன்றம் மீன் விசாரணையை மறுபடி நடத்தச் சொன்னது. அதே ஆண்டு எண்ணெய் விலையேற்றத்தில் தள்ளாடிய கான் எட் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையே கொடுக்க முடியாமல் போனது. ஒரு கையில் மீன், இன்னொரு கையில் கடன்.

1980 டிசம்பரில் சமரசம் கையெழுத்தானது. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமையின் முன்னாள் தலைவர் ரஸ்ஸல் ட்ரெயின் நடுவில் நின்று பேசி முடித்தார். கான் எட் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தது, மலையருகே தான் வாங்கியிருந்த சுமார் 500 ஏக்கரையும் பூங்காவுக்குக் கொடுத்தது. மின்நிறுவனங்கள் சேர்ந்து ஆற்றைப் பற்றிச் சுதந்திரமாக ஆராய்ச்சி நடக்க ஒரு கோடியே இருபது லட்சம் டாலர் ஒதுக்கின. பத்திரிகைகள் இதை ஹட்சன் சமாதான உடன்படிக்கை என்று கொண்டாடின. பதிலுக்கு விட்டுக்கொடுத்ததை அவ்வளவாகச் சொல்லவில்லை: கீழே இந்தியன் பாயின்ட் அணுமின் நிலையமும் இன்ன பிற அனல்மின் நிலையங்களும் ஆற்றுநீரை உறிஞ்சிச் சூடாக்கி விடுவதற்குப் பதிலாகக் குளிர்விப்புக் கோபுரங்கள் கட்ட வேண்டும் என்ற வற்புறுத்தல் கிடப்பில் போடப்பட்டது. மீனைச் சொல்லி வென்ற மலைக்காக மீனின் கணக்கில் ஒரு பகுதி கழிக்கப்பட்டது. இந்தியன் பாயின்ட் 2021இல் மூடப்படும்வரை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தது.

இன்னொரு கழித்தலும் உண்டு. அதைச் சொல்லாமல் ஸ்டார்ம் கிங்கைப் பற்றிப் பேசுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே நியூயார்க் மாநில மின்வாரியம் வடக்கே ஸ்கோஹேரி ஓடையில் பிளென்ஹைம்-கில்போவா என்ற நீரேற்று நிலையத்தைக் கட்டி 1973இல் ஓடவிட்டது. பிரவுன் மவுன்டன் என்ற மலையின் தலையைத் தோண்டி அங்கே மேல்நீர்த்தேக்கம். கீழே ஓடையை மறித்து இன்னொன்று. அப்போதைய திறன் பத்து லட்சம் கிலோவாட். யாரும் நாடறியும்படி வழக்குப் போடவில்லை. எந்த ஓவியரும் அந்த மலையை அருங்காட்சியகத்தில் மாட்டும்படி வரைந்திருக்கவில்லை. அதன் ஓடையில் ஸ்ட்ரைப்டு பாஸ் ஏறி வருவதில்லை. எதிர்க்கரையில் மாளிகைகள் இல்லை. அதே பள்ளத்தாக்கில் கில்போவா என்ற ஊரையே 1920களில் நியூயார்க்கின் குடிநீருக்காக மூழ்கடித்திருந்தார்கள். ஒருமுறை விட்டுக்கொடுத்த இடத்திடம்தான் மறுபடியும் கேட்கிறார்கள்.

பிளென்ஹைம்-கில்போவா வேண்டாதது என்று நான் சொல்லவரவில்லை. சூரிய மின்சாரத்தையும் காற்று மின்சாரத்தையும் சேமித்துவைக்க இன்று உலகமே நீரேற்று நிலையங்களைத் தேடுகிறது. நீலகிரியில் குந்தா திட்டம் நடக்கிறது. 1963இல் பேராசையாகத் தெரிந்த இயந்திரம் இப்போது பசுமைப் பட்டியலில் நிற்கிறது. இனி வரும் ஸ்டார்ம் கிங்குகளில் இரண்டு பக்கமும் சுற்றுச்சூழல் என்ற ஒரே கொடிதான் பறக்கும்.

காப்பாற்றப்பட்ட மலையில் என்னதான் இருக்கிறது? மேட்டில் காற்றடித்துக் குறுகிய செஸ்ட்நட் ஓக், பாறை இடுக்கில் பிட்ச் பைன். வெயில் காயும் பாறைகளில் கிலுகிலுப்பைப் பாம்பு. வேலிப் பல்லி என்று அழைக்கப்படும் சிறு ஓணான், நியூயார்க் மாநிலத்தில் அருகிவரும் உயிர், இந்த மலைத்தொடரில்தான் தங்கியிருக்கிறது. டி.டி.டி. பூச்சிக்கொல்லி தடைசெய்யப்பட்ட பிறகு திரும்பிவந்த பெரெக்ரின் வல்லூறுகள் ஆற்றைப் பார்த்த பாறைமுகங்களில் கூடு வைக்கின்றன. குளிர்காலத்தில் வடக்கே ஏரிகள் உறைந்ததும் வெண்தலைக் கழுகுகள் ஓதத்தால் உறையாமல் அசையும் இந்த ஆற்றுக்கு இறங்கிவருகின்றன. தனித்தனியாக எடுத்தால் இவற்றில் எதுவும் உலக அதிசயம் அல்ல. இரண்டு கோடிப் பேர் வாழும் மாநகரப் பகுதியின் வாசலில், தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஒரு மலைத்தொடர் பெரும்பாலும் துண்டுபடாமல் காட்டோடு கிடக்கிறது என்பதுதான் விசேஷம். உயிர்கள் நகர வழி இருக்கிறது. ஸ்டில்மனின் பிளாக் ராக் காடும் பிழைத்தது. 1989இல் ஹார்வர்டு அதைக் கைமாற்றிவிட, இன்று பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அங்கே ஆய்வும் பாடமும் நடத்துகின்றன. பல பத்தாண்டுகளாக ஒரே மரங்களை அளந்துகொண்டிருக்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் விட்ட நிலம் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

அந்த நிலம் ஒருமுறை பதிலும் சொன்னது. 1999 கோடையில் ஸ்டார்ம் கிங் பூங்காவில் காட்டுத்தீ பிடித்தது. தீயணைக்கப் போனவர்கள் வெடிச்சத்தம் கேட்டார்கள். பக்கத்து வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கழகத்திலிருந்து பல காலமாகச் சுட்டுப் பழகியதில் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்த குண்டுகள் சூடேறி வெடித்துக்கொண்டிருந்தன. பூங்காவை மூடினார்கள். ராணுவம் வந்து குண்டு பொறுக்க, பாதைகள் திறக்க ஆண்டுகள் ஆயின. அதுவரை அந்தப் பாதைகளில் குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டிருந்தவர்கள் கன்னித்தன்மை மாறாத இயற்கை என்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது சண்டை எதிர்க்கரைக்கு மாறியிருக்கிறது. பிரேக்நெக் முகட்டுக்கு 2025 வரை நகரத்திலிருந்து வார இறுதி ரயில் நேராக வந்து நின்றது. கைபேசியில் படம் எடுத்துப் போட அதைவிட நல்ல பாறை கிடையாது. கூட்டம் நெடுஞ்சாலையோரம் வழிந்தது. கோல்ட் ஸ்பிரிங்கின் தெருக்களில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போனது. பாதைகள் தேய்ந்து வேர்கள் வெளியே தெரிந்தன. இதற்குத் தீர்வாகக் கோல்ட் ஸ்பிரிங்கிலிருந்து பீக்கன் வரை ஏழரை மைலுக்கு ஆற்றோரமாக அகலமான நடைபாதை ஒன்று திட்டமிடப்பட்டது. நடைபாலங்கள், சக்கர நாற்காலியில் வருவோருக்கும் வழி, கழிப்பறைகள், வண்டி நிறுத்தங்கள். திட்டத்தை நடத்துவது சீனிக் ஹட்சனின் துணை அமைப்பு. 1963இல் மின்நிலையத்தை எதிர்க்கப் பிறந்த அதே சீனிக் ஹட்சன். எதிர்க்கும் ஊர்க்காரர்கள் ஆற்றோரத்தை இருந்தபடி விடுங்கள், இன்னும் கூட்டம் சேர்க்காதீர்கள் என்கிறார்கள். ஆதரிப்பவர்கள், கால் பலமுள்ளவனுக்கும் கார் உள்ளவனுக்கும் மட்டும்தான் மலையா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. இரண்டு தரப்பும் தங்கள் வாதத்தில் ஸ்டார்ம் கிங் வழக்கைத்தான் முன்னுதாரணமாகக் காட்டுகின்றன. இரண்டு தரப்பும் நடைபாதை முடிந்தபின் எப்படி இருக்கும் என்று படம் வரைந்து கையில் வைத்திருக்கின்றன.